விலகினாரா, விலக்கினார்களா? கன்ட்ரி, காஸ்பல் இசைக்கலைஞர் வரலாறுகளில் வினைத்தேர்வு

1. முன்னுரை

வாழ்க்கை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் செய்திகளின் மெய்ம்மையைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. ஆண்டுகள் சரியா, சான்றுகள் உளவா என்னும் வினாக்களைத் திறனாய்வாளர் எழுப்புவர். அச்செய்திகளைத் தாங்கி நிற்கும் வினைச்சொற்கள் அந்த அளவு கவனம் பெறுவதில்லை. ஒரு கலைஞர் ஓர் அமைப்பிலிருந்து விலகினார் என்பதும், அவரை விலக்கினார்கள் என்பதும் ஒரே நாளில் நிகழ்ந்த ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கலாம். ஆயினும் அந்நிகழ்ச்சிக்குப் பொறுப்பு யாருடையது என்பது அவ்வினையிலுள்ள ஓர் ஒற்றைப் பொறுத்தே அமைகிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் உருப்பெற்ற கன்ட்ரி இசை, சிகாகோ முதலிய நகரங்களின் கருப்பினத் திருச்சபைகளில் வளர்ந்த காஸ்பல் இசை ஆகியவற்றின் முன்னோடிகள் எவ்வாறு நினைவுகூரப்பட்டுள்ளனர் என்பதை இந்நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. இவ்விரு இசைவகைகளும் மெட்டுகளையும் கருவிகளையும் பாடகர்களையும் தம்முள் பகிர்ந்துகொண்டவை. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கருப்பினத்தார்க்கென ஒரு பட்டியலும் வெள்ளையர்க்கென ஒரு பட்டியலும் வகுத்து விற்றமையால் இவற்றின் வரலாறுகளும் தனித்தனியே எழுதப்பட்டன. இப்பிரிவின் விளிம்பில் நின்றவர்களின் வாழ்க்கையே வினைத்தேர்வால் மிகுதியும் பாதிக்கப்பட்டது.

தமிழில் தன்வினை, பிறவினை வேறுபாடு பல வினைகளில் வடிவ அளவிலேயே வெளிப்படும். விலகினார், விலக்கினார், நீங்கினார், நீக்கினார், சேர்ந்தன, சேர்த்தன, மறைந்தது, மறைத்தது ஆகிய இணைகளை நோக்குக. ஆங்கிலத்திலோ முடிதல், முடித்தல் இரண்டிற்கும் ஒரே வினைவடிவம் வருவதுண்டு; திரளுதல், திரட்டுதல் இரண்டும் அவ்வாறே. எனவே மூலத்தில் கருத்தா மறைந்து நிற்கும் இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு முடிவெடுத்தே ஆகவேண்டும். அம்முடிவு இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. அது வரலாறு பற்றிய தீர்ப்புமாகும்.

2. பெயரீடு

வினைகளுக்குச் செல்லுமுன் பெயர்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கன்ட்ரி இசையை ‘நாட்டுப்புற இசை’ என மொழிபெயர்ப்பது எளிது. பொருத்தமும் உடையது போலத் தோன்றும். ஆங்கிலச் சொல்லைப் போலவே தமிழின் ‘நாடு’ என்னும் சொல்லும் தேயத்தையும் நகரல்லாத நிலப்பகுதியையும் குறிப்பது. நாட்டுக்கோழி, நாட்டு மருந்து என்னும் வழக்குகளில் ‘நம்முடையது, கலப்பற்றது’ என்ற பொருளும் சேர்ந்துவிடுகிறது. கன்ட்ரி இசையை விற்றவர்கள் தங்கள் சொல்லில் ஏற்ற விரும்பிய பொருளும் ஏறத்தாழ இதுவே.

எனினும் தமிழாய்வில் நாட்டுப்புறப் பாடல் என்பது ஆசிரியர் பெயர் அறியப்படாத, வாய்மொழியாக வழங்கும் பாடலைக் குறிக்கும் கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. கன்ட்ரி இசையோ இசைத்தட்டு, வானொலி, பதிப்புரிமை ஆகிய மூன்றன் துணையால் வளர்ந்த தொழில்முறை இசை. தொடக்கத்தில் ‘ஹில்பில்லி’ என்னும் இழிவுக்குறிப்புடைய பெயரால் வழங்கிய இவ்விசைக்கு, இசை வணிக இதழான ‘பில்போர்டு’ 1944இல் நாட்டார் இசை என்னும் பொருள்தரும் பெயரில் தரவரிசைப் பட்டியல் தொடங்கியது. 1949இல்தான் அப்பட்டியல் ‘கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்’ எனப் பெயர் மாறியது. ஆகவே இக்குழப்பம் மொழிபெயர்ப்பில் புதிதாகத் தோன்றியதன்று, மூலத்திலேயே உள்ளது. அதனால் விளையும் கேடும் உண்டு. ஒரு பாடலை நாட்டார் பாடல் என்று வகைப்படுத்திவிட்டால் அதை ஆக்கியவர் யார் என்று கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

காஸ்பல் என்பதை ‘நற்செய்தி இசை’ எனப் பெயர்ப்பதிலும் இடர்ப்பாடு உள்ளது. தமிழ்க் கிறித்தவ வழக்கில் அது நற்செய்திப் பணிக்கெனப் பாடப்படும் எந்தப் பாடலையும் குறிக்கும். ஆனால் இங்குக் கருதப்படும் காஸ்பல், துதிப்பாடலின் பொருளை ‘புளூஸ்’ இசையின் இலக்கணத்தில் அமைத்த 20ஆம் நூற்றாண்டு வடிவம். மேலைநாட்டு மெட்டில் பாடும் பாமாலைக்கும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இந்திய இசைமரபில் அமைத்த கீர்த்தனைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த தமிழ் வாசகருக்கு இது விளங்கும். பற்று ஒன்றாக இருக்க, இசையின் இலக்கணம் வேறாவது இரண்டிடத்தும் பொது. இக்காரணங்களால் கன்ட்ரி, காஸ்பல் என்னும் சொற்களே இக்கட்டுரையில் கையாளப்படுகின்றன.

3. விலகினார், விலக்கினர்

டிஃபோர்ட் பெய்லி 1899 டிசம்பரில் டென்னஸி மாநிலத்தில் பிறந்தவர்; கருப்பினத்தவர்; குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு குட்டையான உடலமைப்புப் பெற்றவர். புகைவண்டியின் ஓட்டத்தை மவுத் ஆர்கனில் எழுப்பும் ஆற்றலால் புகழ்பெற்றார். நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிலையத்தின் வாராந்தர நிகழ்ச்சியில் 1928ஆம் ஆண்டின் 52 வாரங்களுள் 49 வாரங்கள் அவர் வாசித்தார். 1927 டிசம்பரில் ஜார்ஜ் டி. ஹே என்னும் அறிவிப்பாளர், அதற்குமுன் ஒலிபரப்பான செவ்வியல் இசை நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு, வேடிக்கையாக ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்னும் பெயரை உதிர்த்தார். அப்பெயர் பிறந்தது பெய்லியின் வாசிப்பை ஒட்டியே என்பது வரலாறு. கன்ட்ரி இசையின் தலைமை மேடையாக இன்றும் விளங்குவது அப்பெயர் தாங்கிய அந்நிகழ்ச்சியே.

1941இல் பெய்லியின் இடம் போயிற்று. அதன்பின் நாஷ்வில்லில் காலணிக்கு மெருகிடும் கடை நடத்திப் பிழைத்தார். இந்நிகழ்ச்சியை ஹே 1945இல் வெளியிட்ட ஆப்ரி வரலாற்றுச் சிறுநூலில் விளக்குகிறார். அவ்விளக்கத்தின் மொழியமைப்பு மூன்று நிலைகளில் ஆராயத்தக்கது.

முதலாவது பெயரீடு. அந்நூல் வெளிவந்தபோது பெய்லிக்கு வயது 45. ஹே அவரைப் ‘பையன்’ என்னும் பொருள்தரும் சொல்லாலும், குழுவின் நல்வாய்ப்புச் சின்னம் என்னும் பொருள்தரும் சொல்லாலும் குறிக்கிறார். இரண்டாவது வினையமைப்பு. பெய்லி எழுவாயாகும் இடங்களில் அவரே செயலுக்குப் பொறுப்பாளி: ஏறத்தாழ பன்னிரண்டு இசைத்துண்டுகளே அவருக்குத் தெரியும், ஓராண்டு அவகாசம் தந்தும் புதியன கற்க மறுத்தார், காரணம் சோம்பல். அவரை நீக்கிய நிலையத்தார் எழுவாயாகும் இடத்திலோ வினை செயப்பாட்டுவினையாகிவிடுகிறது: இறுதி அறிவிப்பைத் தரும் கட்டாயத்துக்கு அவர்கள் உள்ளாக்கப்பட்டனராம். வேலையை இழந்தவர் கருத்தாவாகவும் இழக்கச்செய்தவர்கள் செயப்படுபொருளாகவும் இடம் மாறியுள்ளமை காண்க. மூன்றாவது, பெய்லியின் கூற்றாகத் தரப்படும் இறுதித் தொடர். அதில் ஒரு துணைவினையின் எழுத்துக்கூட்டல் சிதைத்து எழுதப்பட்டுள்ளது. பொதுப் பேச்சில் எவரும் அச்சொல்லை அவ்வாறே ஒலிப்பர்; எனவே அச்சிதைவு எந்த ஒலி வேறுபாட்டையும் பதிவு செய்யவில்லை. பேசுபவர் கல்லாதவர் என்னும் எண்ணத்தைக் கண்வழியே ஊட்டுவதே அதன் பணி. கிளைமொழியைப் பதிவு செய்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

1991இல் டேவிட் மார்ட்டன், சார்லஸ் உல்ஃப் ஆகியோர் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு வேறொரு காரணத்தை முன்வைக்கிறது. மார்ட்டன் பெய்லியோடு பல்லாண்டு பழகி, அவர் வாய்மொழியாகக் கேட்டவற்றை அடிப்படையாகக் கொண்டது அந்நூல். 1941 தொடக்கத்தில், ‘அஸ்காப்’ என்னும் பாடல் உரிமைச் சங்கத்தோடு ஏற்பட்ட கட்டணப் பிணக்கால் வானொலி நிலையங்கள் அச்சங்கத்தின் பாடல்களை ஒலிபரப்புவதை நிறுத்தின. தாங்களே அமைத்த ‘பி.எம்.ஐ.’ என்னும் அமைப்பின் பாடல்களுக்கு மாறின. பெய்லிக்குப் புகழ் தேடித்தந்த இசைத்துண்டுகள் தடைப்பட்ட பட்டியலில் சிக்கின. நேயர்கள் கேட்க விரும்பியதை அவர் வாசிக்கக்கூடாது என்றாயிற்று. இப்பின்னணி ஹேயின் விளக்கத்தில் இல்லை. சூழலைக் குறிக்கும் அடையை நீக்கிவிட்டு ‘மறுத்தார்’ என்னும் வினைமுற்றை மட்டும் நிறுத்தினால், வணிகப் பிணக்கு ஒருவரின் குணக்கேடாக மாறிவிடுகிறது.

இவ்விரு நூல்களையும் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் பதிலிப்பெயர். ஆங்கிலப் படர்க்கை ஆண்பால் ஒருமைப் பதிலி மதிப்பையோ மதிப்பின்மையையோ காட்டாது. தமிழில் ‘அவர்’, ‘அவன்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஹேயின் குரலைப் பெயர்க்குமிடத்து ‘பையன்’, ‘அவன்’ என்றே எழுதவேண்டும் என்பது என் கருத்து. ‘அவர்’ என்று எழுதுவது பெய்லிக்கு மதிப்புச் செய்வது போலத் தோன்றினும் ஹேயின் குற்றத்தை மறைத்துவிடும். நரைத்த தலையினரையும் சாதியைக் காட்டி ஒருமையில் அழைக்கும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு அவ்வொருமையின் பொருள் விளங்காமற் போகாது. மொழிபெயர்ப்பாளர் தம் குரலில் எழுதும் முன்னுரையிலும் குறிப்பிலும் ‘அவர்’ என்பதே முறை. இறுதித் தொடரைக் கொச்சைத் தமிழில் பெயர்ப்பது ஹேயின் சூழ்ச்சியை மொழிபெயர்ப்பாளர் தாமும் செய்வதாகும்; இயல்பான பேச்சுத்தமிழில் பெயர்த்து, மூலத்தின் எழுத்துச் சிதைவைக் குறிப்பில் சுட்டுவதே தக்கது.

பெய்லி 1982இல் காலமானார். கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2005இல்.

4. சேர்ந்த பாடல்கள், சேர்த்த பாடல்கள்

1927 ஆகஸ்டுத் தொடக்கத்தில் டென்னஸி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில், ரால்ஃப் பியர் என்பவர் விக்டர் நிறுவனத்துக்காக நடத்திய ஒலிப்பதிவில் கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்சும் முதன்முதலாகப் பாடினர். கன்ட்ரி இசை வரலாறுகள் இந்நிகழ்ச்சியைத் தோற்றுவாயாகக் கொள்கின்றன. பியர் இவர்களைக் ‘கண்டுபிடித்தார்’ என எழுதுவதும் வழக்கம்.

அதனையடுத்து ஏ. பி. கார்ட்டர் (1891–1960) மலைப்பகுதி ஊர்களில் சுற்றிப் பாடல்களைத் திரட்டினார். அப்பயணங்களில் அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில். 1905இல் வட கரோலினாவில் பிறந்த கருப்பினக் கிதார் கலைஞர். சிமென்ட் ஆலையில் நேர்ந்த விபத்தில் காலிழந்தவர். கார்ட்டர் பாடற்சொற்களை எழுதிக்கொள்ள, மெட்டை நினைவில் நிறுத்தி வந்தவர் ரிடில். குடும்பத்தின் கிதார் கலைஞரான மேபெல் கார்ட்டரும் அவரிடமிருந்து வாசிப்பு நுணுக்கங்களைக் கற்றார். பாடல்கள் பதிப்பிக்கப்பட்டபோது உரிமையாளராகப் பெயர் பெற்றவர் ஏ. பி. கார்ட்டர்.

இங்குச் செயல் இரண்டு. ஒருவர் எழுத்தில் பதித்தார், ஒருவர் செவியில் பதித்தார். ஆனால் ‘திரட்டினார்’ என்னும் ஒருமை வினைமுற்று ஒரு கருத்தாவுக்கே இடம் தருகிறது. மற்றவர் ‘உடன் சென்றார்’ என்னும் வினையால் துணைநிலைக்குத் தள்ளப்படுகிறார். உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் மூன்றாம் வேற்றுமை உருபு இத்தகைய எழுத்துகளில் ஆற்றும் பணி தனியே ஆராயத்தக்கது. கார்ட்டர் ரிடிலுடன் சென்று திரட்டினார் என்பதற்கும், கார்ட்டரும் ரிடிலும் திரட்டினர் என்பதற்கும் இடையே ஒருவரது வாழ்நாள் உழைப்பு அடங்கியுள்ளது. மூலநூல் முதல் அமைப்பைக் கொண்டிருப்பின் மொழிபெயர்ப்பாளர் அதை மாற்ற உரிமையில்லை. ஆனால் தமிழில் கட்டுரையோ கலைக்களஞ்சியக் குறிப்போ புதிதாக எழுதுவோர்க்கு அவ்வுரிமையும் கடமையும் உண்டு.

மைக் சீகர் என்னும் இசைஞர் 1965இல் ரிடிலை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் சந்தித்துப் பின்னர் அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அத்தொகுப்பு 1993இல் வெளிவந்தது. இச்சந்திப்பை ‘மறுகண்டுபிடிப்பு’ எனக் குறிப்பது பொருந்தாது. தொலைந்த பொருளையே கண்டுபிடிக்க இயலும். ரிடில் ராச்செஸ்டரில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

5. ‘எனக்கு வந்தது’

மேற்கூறியவற்றால் தன்வினை எப்போதும் மறைப்பு என்றும், பிறவினையே நேர்மை என்றும் முடிவுகட்டலாகாது. இதற்குத் தாமஸ் ஏ. டார்சியின் வாழ்க்கை சான்று.

டார்சி 1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து 1993இல் சிகாகோவில் காலமானார். ‘ஜார்ஜியா டாம்’ என்னும் பெயரில் புளூஸ் பாடியவர். டாம்ப்பா ரெட் என்பவருடன் 1928இல் அவர் பதிவு செய்த பாலியல் இரட்டுறப் பாடல் பெருவிற்பனை கண்டது. 1932 ஆகஸ்டில் அவர் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்தபோது, சிகாகோவில் மனைவி நெட்டி பிள்ளைப்பேற்றில் இறந்தார், குழந்தையும் இறந்தது. அத்துயரில் ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’ என்னும் பாடல் பிறந்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹேலியா ஜாக்சன் பாடியது அப்பாடலே.

டார்சி இந்நிகழ்ச்சியை வாழ்நாள் முழுவதும் பல மேடைகளில் எடுத்துரைத்தார். அவ்வுரை, தமிழ்த் திருச்சபைகளில் ‘சாட்சி சொல்லுதல்’ என வழங்கும் வகையைச் சார்ந்தது. சாட்சியின் இலக்கணம் திட்டமானது: பழைய வாழ்வு, இடி போன்ற நிகழ்ச்சி, திருப்பம். அதில் பேசுபவர் தம்மைக் கருத்தாவாகக் கொள்ளாது, பெறுபவராகக் கொள்வார். சொற்கள் தம்மிடம் வந்தன என்னும் பாங்கிலேயே டார்சி கூறிவந்தார். தமிழில் இதற்கு நான்காம் வேற்றுமை எழுவாய் அமைப்பு இயல்பாகப் பொருந்தும்: நான் இயற்றினேன் என்பதன்று, எனக்கு வந்தது என்பதே அவர் குரல்.

ஆய்வாளரோ வேறு செய்திகளையும் அறிவர். அப்பாடலின் மெட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஆலன் அமைத்த ‘மெய்ட்லண்ட்’ என்னும் துதிப்பாடல் மெட்டைத் தழுவியது. மைக்கேல் ஹாரிஸ் 1992இல் வெளியிட்ட நூல் காட்டுவது போல், டார்சியின் காஸ்பல் அவருடைய புளூஸ் பயிற்சியிலிருந்து படிப்படியாக உருவானது. அவர் சொந்தப் பதிப்பகம் நடத்தினார். பாடகர் குழுக்களை நாடளாவிய மாநாடாக ஒருங்கிணைத்தார். இவை யாவும் செய்வினைக்குரிய செயல்கள்.

இவற்றைக் கொண்டு, சாட்சியுரையிலுள்ள ‘வந்தது’ என்பதைத் திருத்தி ‘இயற்றினார்’ என மொழிபெயர்ப்பது தவறாகும். இங்குக் கருத்தா நிலையைத் துறந்தவர் டார்சி தாமே. பெய்லியிடமிருந்தும் ரிடிலிடமிருந்தும் அதனைப் பிறர் எடுத்துக்கொண்டனர். ஒரே இலக்கண வடிவம் ஓரிடத்தில் பணிவாகவும் பிறிதோரிடத்தில் பறிப்பாகவும் அமையும். எனவே வினை தன்வினையா பிறவினையா என்பதோடு, அவ்வினையைத் தேர்ந்தவர் யார் என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்பவேண்டும். துறந்தவரின் உடைமையும் அவரிடமே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. டார்சியின் ‘பீஸ் இன் த வேலி’ என்னும் பாடலை 1951இல் வெள்ளையரான கன்ட்ரி பாடகர் ரெட் ஃபோலி பாடிப் பெருவெற்றி கண்டார்; 1957 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லி தொலைக்காட்சியில் பாடினார். பாடல் இசைவகை எல்லையைக் கடந்தபோதும் டார்சியின் பெயர் அதனுடன் சென்றது. பதிப்புத்தொழிலை அறிந்தவர் அவர்.

6. கூற்று யாருடையது?

ஹேங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி முதல் நாள், ஓஹையோ மாநிலத்தில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்குக் காரில் சென்றுகொண்டிருந்தபோது இறந்தார், வயது 29. இவ்வுலகிலிருந்து உயிரோடு வெளியேறப் போவதில்லை என்னும் பொருள்தரும் தலைப்புடைய அவரது பாடல் அதற்குச் சில வாரங்கள் முன்னர் வெளிவந்து, அவர் இறந்தபின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தம் இறப்பை அவர் முன்னறிந்து பாடினார் என்று எழுதுவோர் பலர். ஃபிரெட் ரோசுடன் சேர்ந்து அவர் எழுதிய அப்பாடல், அடிமேல் அடியாக வரும் துன்பங்களை அடுக்கிச் சிரிக்கவைக்கும் நகைச்சுவைப் பாடல் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பாடலின் ‘நான்’ பாடகரே எனக் கொள்வது கன்ட்ரி இசை வரலாறுகளின் பொதுக்குறை. வில்லியம்ஸ் அவ்வாறு கருதவில்லை என்பதற்குச் சான்று உண்டு. அறிவுரை கூறும் உரைப்பாங்கான படைப்புகளை அவர் ‘லூக் த டிரிஃப்டர்’ என்னும் வேறொரு பெயரில் வெளியிட்டார். காசு போட்டுக் கேட்கும் இசைப்பெட்டிகளுக்குத் தட்டு வாங்குவோர் குழம்பலாகாது என்னும் வணிகக் காரணமும் இதற்கு உண்டு. எவ்வாறாயினும் ஒரே குரலில் இரண்டு கூற்றுகள் அமைந்தன. அகப்பாடலில் தலைவி கூற்றைப் புலவரின் வாழ்க்கைச் செய்தியாகக் கொள்ளாத மரபில் பயின்ற நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. தமிழ் வினைமுற்று தன்மை விகுதியைத் தவறாது ஏற்பதால் மொழிபெயர்ப்பில் ‘நான்’ மேலும் அழுத்தம் பெறும். ஆகவே பாடற்பொருளைச் சுட்டும்போது ‘வில்லியம்ஸ் கூறுகிறார்’ என்பதை விடுத்துப் ‘பாடலின் மாந்தர் கூறுகிறார்’ என எழுதுவது பாதுகாப்பானது.

7. முடிவுரை

வாழ்க்கை வரலாற்றைத் தமிழாக்குவோர்க்கு மூன்று நடைமுறைகளை இவ்வாய்வு முன்வைக்கிறது. மூலத்தில் கருத்தா மறைந்துள்ள இடங்களை முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் அம்மறைப்பு எவருடைய தேர்வு என்பதை வேறு சான்றுகளோடு ஒப்பிட்டறிய வேண்டும். மூல ஆசிரியரின் வினையையும் பதிலியையும், அவை நேர்மையற்றனவாயினும், திருத்தாமல் பெயர்த்து, மாறுபட்ட சான்றைக் குறிப்பில் தரவேண்டும். தம் குரலில் எழுதுமிடத்து உரியவரை எழுவாயாக்க வேண்டும்.

இவை சிறிய செயல்களாகத் தோன்றலாம். மின்கிதாரும் துதியும் இணைந்த இசையால் இரு தலைமுறையினரைக் கவர்ந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1973இல் பிலடெல்ஃபியாவில் காலமானபோது அவர் புதைகுழியின்மேல் பெயர் பொறித்த கல் எதுவும் வைக்கப்படவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நிலை மாறவில்லை. 2007இல் கேய்ல் வால்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 2008இல் நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதன்பின்னரே அவ்விடத்தில் கல் நிறுவப்பட்டது. அவர் பெயர் இன்று அக்கல்லில் உள்ளது.